தீர விசாரிக்கும் கண்கள்

புதிய காரைப் படத்தில் பார்ப்பது வேறு, சுற்றிவந்து பார்ப்பது வேறு. தில்லி கண்காட்சியில் கூடும் கார் பிரியர்களின் கண்ணுக்கு எது தெரிகிறது, எது தப்பிவிடுகிறது?

ஜனவரி மாதத் தில்லியில் காலை பத்து மணிக்குக்கூட சூரியன் தலைகாட்ட யோசிக்கும். மதுரா சாலையில் பேருந்துகள் விளக்கைப் போட்டுக்கொண்டு பனிமூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். வாகனக் கண்காட்சி நடக்கிற நாட்களில் மட்டும் இதையெல்லாம் பொருட்படுத்தாத ஒரு கூட்டம் பிரகதி மைதானத்தின் வாயில்களில் காத்து நிற்கும். கம்பளித் தொப்பி அணிந்த கல்லூரி மாணவர்கள், காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைக்காரர்கள், ஹரியானாவில் டிராவல்ஸ் நடத்துபவர்கள், குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்ட அப்பாக்கள் என்று எல்லா ரகமும் அதில் உண்டு. இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உள்ளே என்னென்ன கார்கள் நிற்கின்றன என்பது ஏற்கனவே தெரியும். எஞ்சினின் குதிரைத் திறன் முதல் எதிர்பார்க்கப்படும் விலை வரை மனப்பாடம். ஆனாலும் வந்திருக்கிறார்கள். பார்த்த படம் உண்மைதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

2025 ஜனவரி 17 முதல் 22 வரை ‘பாரத் மொபிலிட்டி’ என்ற பெயரில் இங்கே நடந்த கண்காட்சியிலும் இதே காட்சிதான். மாருதியின் முதல் மின்சாரக் காரான ஈ-விட்டாரா, ஹுண்டாயின் மின்சாரக் கிரெட்டா, மறுபிறவி எடுத்த டாடா சியரா, மஹிந்திராவின் பிஈ 6, வியட்நாமிலிருந்து வந்த வின்ஃபாஸ்ட் கார்கள் என்று பேசுவதற்கு நிறையவே இருந்தது. பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 19-ம் தேதிதான். அதற்குள் எல்லாக் கார்களின் படங்களும் நாடு முழுவதும் கைபேசிகளில் சுற்றி முடித்திருந்தன. பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்று யாரும் வீட்டில் இருந்துவிடவில்லை.

மூன்று கார்களின் காலம்

பிரகதி மைதானத்துக்கும் புதுமைக்கும் உள்ள உறவு பழையது. 1972-ல் நடந்த ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்காக உருவான இடம் இது. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் எழுப்பிய ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கான்கிரீட் கூடம் இதன் அடையாளமாக இருந்தது. 2017-ல் அதை இடித்துவிட்டார்கள். அந்த வளாகத்தில் எழுந்த ‘பாரத் மண்டபம்’ 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. அருகிலுள்ள மெட்ரோ நிலையத்தின் பெயர்கூட இப்போது பிரகதி மைதான் அல்ல, சுப்ரீம் கோர்ட். ஆட்டோ டிரைவர்களுக்கு மட்டும் இது இன்னும் பழைய பெயரில்தான் தெரியும்.

இங்கே முதல் ‘ஆட்டோ எக்ஸ்போ’ நடந்தது 1986-ல். அப்போது இந்தியச் சாலைகளில் பெரும்பாலும் மூன்றே மூன்று கார்கள். ஐம்பதுகளின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அம்பாசடர், ஃபியட் 1100-ன் வாரிசான பத்மினி, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. அம்பாசடரின் முன்கிரில்லில் கம்பிகளின் எண்ணிக்கை மாறினாலே புது மாடல் என்று விற்ற காலம் அது. கார் பிரியர் என்ற இனத்துக்கு அன்று தீனி வெளிநாட்டுப் பத்திரிகைகளின் பழைய பிரதிகள்தான். காரின் வடிவத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டுமானால் தேர்ந்தெடுக்க இரண்டு மூன்று வடிவங்களாவது வேண்டும் அல்லவா?

1993-ல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. அதே ஆண்டில் இரண்டாவது எக்ஸ்போ. அடுத்த ஐந்தாண்டுகளில் தென்கொரியா, ஜப்பான், அமெரிக்கக் கம்பெனிகள் வரிசை கட்டி வந்தன. 1998 ஜனவரியில் டாடா கம்பெனி இதே மைதானத்தில் இண்டிகாவைத் திரை விலக்கிக் காட்டியபோது கூட்டம் அலைமோதியது. ஜென் காரின் அளவு, அம்பாசடரின் இடவசதி, மாருதி 800-க்கு நெருக்கமான விலை, டீசலின் சிக்கனம் என்பது ரத்தன் டாடா விதித்திருந்த இலக்கு. இத்தாலியின் டூரின் நகரிலுள்ள ஐடியா இன்ஸ்டிடியூட் வெளித்தோற்றத்துக்கு வடிவம் கொடுத்திருந்தது. இந்தியக் கம்பெனி ஒன்று அடிப்படையிலிருந்து உருவாக்கிய கார் என்பதால் வந்தவர்களுக்குப் பெருமை ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள், பின் சீட்டில் மூன்று பேராக உட்கார்ந்து பார்த்தார்கள். பின் சீட்டு தேறியது. முதலில் வந்த கார்களில் எழுந்த புகார்களைச் சரி செய்து 2001-ல் ‘வி2’ வந்த பிறகே சந்தேகம் தீர்ந்தது.

படம் ஏன் ஏமாற்றுகிறது

‘போட்டோவில் பார்த்ததுபோல் இல்லையே’ என்பதுதான் அரங்குகளில் எந்த மொழியிலும் கேட்கிற வாக்கியம். சிலர் ஏமாற்றத்தோடு சொல்வார்கள், சிலர் வியப்போடு. காரணத்தை வீட்டில் உள்ள சாதாரண கேமராவை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். அகன்ற கோணத்தில் மிக அருகிலிருந்து எடுத்தால் காரின் மூக்கு புடைக்கும், வால் சுருங்கும். தொலைவில் நின்று நீண்ட லென்ஸில் எடுத்தால் முன்னும் பின்னும் நெருங்கி வந்து கார் கட்டையாகத் தெரியும். கைபேசிகள் பெரும்பாலும் முதல் ரகம். விளம்பரப் படங்களை எடுப்பவர்களோ தேவைக்கேற்ப இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள்.

அதைவிட முக்கியம் கேமராவின் உயரம். விளம்பரப் படங்கள் பலவும் முழங்கால் உயரத்தில் எடுக்கப்படுபவை. கார் கம்பீரமாக, தோள் விரிந்து, சாலையைக் கவ்விக்கொண்டு நிற்பதுபோல் தெரியும். ஆனால் மனிதனின் கண் தரையிலிருந்து ஐந்து, ஐந்தரை அடி உயரத்தில் இருக்கிறது. சிறிய கார் ஒன்றின் உயரமே சுமார் ஐந்து அடிதான். நேரில் நிற்பவருக்குக் கூரையும் பானட்டும் தெரிகின்றன, படத்தில் அகலமாகத் தெரிந்த தோள் ஒடுங்கிப்போகிறது, பெரிதாகத் தெரிந்த டயர் உள்ளே ஒதுங்கிக்கொள்கிறது. அனுபவசாலிகள் அரங்கில் நுழைந்ததும் செய்கிற முதல் காரியம் இதனால்தான் குத்துக்காலிட்டு உட்காருவது. படம் எடுத்த உயரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று இன்னொருமுறை பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் காரைப் பற்றிய அவர்களது தீர்ப்பு.

வடிவமைப்பாளர்களே படத்தை முழுக்க நம்புவதில்லை. கம்ப்யூட்டர் திரையில் எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும், மெழுகு கலந்த களிமண்ணைச் சூடாக்கி அப்பி, முழு அளவில் ஒரு மாதிரியைச் செதுக்கிப் பார்க்கிற வழக்கம் இன்றும் பல கம்பெனிகளில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி ஏர்ல் பிரபலமாக்கிய முறை அது. 1938-ல் அவர் உருவாக்கிய ‘பியூக் ஒய்-ஜாப்’தான் கான்செப்ட் கார்களின் முன்னோடி. செதுக்கிய மாதிரியின் மேல் பளபளப்பான தாள் ஒட்டி, விளக்குகளின் பிம்பம் அதன்மேல் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். பிம்பம் நெளிந்தால் உடலில் எங்கோ மேடு பள்ளம் இருக்கிறது.

நம்மூர் டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்த்து முடித்ததும் ட்யூப்லைட் வெளிச்சத்தைக் கதவின்மேல் ஓடவிட்டுப் பார்ப்பதும் இதே வித்தைதான். அரங்கில் காரின் பக்கவாட்டில் கண்ணை ஒட்டவைத்தாற்போல் நின்று, விளக்கு வரிசை முன்கதவிலிருந்து பின்கதவுக்கு உடையாமல் தாண்டுகிறதா என்று பார்க்கிற மனிதரைக் கண்டால், அவர் பட்டறைக்காரராக இருக்கலாம் அல்லது டிசைன் மாணவராக இருக்கலாம். பார்க்கும் முறையில் வித்தியாசமில்லை. பானட்டுக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள சந்து இரு பக்கமும் ஒரே அகலமா என்பது அவர்களது அடுத்த கேள்வி.

நான்கு மீட்டர் கோடு

இந்தியக் கார்களின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் டூரினுக்கும் லண்டனுக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு புதுதில்லியின் நார்த் பிளாக்குக்கும் உண்டு. 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு எக்ஸைஸ் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் என்பது நிபந்தனை. நிதியமைச்சகம் போட்ட அந்தக் கோடு கார்களின் வாலை வெட்டியது.

2008-ல் வந்த டாடா இண்டிகோ சிஎஸ் இந்த ரகத்தின் முதல் செடான். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த டிக்கியை நறுக்கி நான்கு மீட்டருக்குள் அடக்கியிருந்தார்கள். அதே ஆண்டில் 4,160 மில்லிமீட்டர் நீளத்தோடு வந்த மாருதி டிசையர், 2012-ல் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கி மறுபிரவேசம் செய்தது. முன்பக்கம் சற்றுத் திரும்பிய கோணத்தில் எடுத்த விளம்பரப் படத்தில் இந்த வெட்டு தெரியாது. நேரில் பக்கவாட்டில் நின்றால் மறைக்க வழியில்லை: முன்பாதி ஒரு கார், பின்பாதி அவசரமாக முடித்த வாக்கியம். 2017-ல் வந்த டிசையரில்தான் அதே 3,995 மில்லிமீட்டருக்குள் கூரையைத் தாழ்த்தி, வாலை இழைத்து, உடலோடு ஒட்டவைத்தார்கள். அளவு மாறாமல் அழகு மாறலாம் என்பதற்கு அது பாடம்.

2012 ஜனவரியில் தில்லியில் உலகப் பார்வைக்கு வந்த ஃபோர்டு எகோஸ்போர்ட் அதே கணக்கை வேறு விதமாகப் போட்டது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் தயாரான இந்தக் கார், ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டிக்கொண்டும் நான்கு மீட்டருக்குள் நின்றது. ஜீப்புக்குரிய நிமிர்ந்த தோற்றம், சிறிய காருக்குரிய வரி. அதே கண்காட்சியில் மாருதி காட்டிய ‘எக்ஸ்ஏ ஆல்ஃபா’ கான்செப்ட் நான்கு ஆண்டு கழித்து விட்டாரா பிரெஸ்ஸாவாகச் சாலைக்கு வந்தது. இன்று இந்திய நகரங்களின் வாகன நிறுத்துமிடங்களை நிறைத்திருக்கும் குட்டை எஸ்யூவிகளின் வம்சாவளி அந்த ஜனவரியில் தொடங்கியது என்றால் மிகையில்லை. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. அது தொடங்கிவைத்த வடிவத்தில் மற்றவர்கள் கொழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கனவும் காயலும்

கண்காட்சிகளில் அதிகக் கூட்டம் சேருவது விற்பனைக்கு வராத கார்களின் முன்னால்தான். சுழலும் மேடையில், கறுப்புக் கண்ணாடி போட்டு, கதவுகளைப் பூட்டி நிறுத்தியிருப்பார்கள். பல கான்செப்ட் கார்களுக்கு உள்ளே முழுமையான சீட்டுகூட இருப்பதில்லை. வெளியே மட்டும் எல்லாம் தாராளம்: வண்டிச் சக்கரம் போன்ற டயர்கள், கத்தி போல் மெலிந்த விளக்குகள், கண்ணாடிக்குப் பதில் கேமரா, கைப்பிடியே இல்லாத கதவு. நம் சாலையின் குழிகள், மழைக்காலம், டயர் விலை, போக்குவரத்துச் சட்டம் ஆகிய நான்கும் சேர்ந்து இவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் ஷோரூமுக்கு வரும்.

2018 பிப்ரவரியில் கிரேட்டர் நொய்டாவில் டாடா காட்டிய ‘எச்5எக்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். மேடையில் நின்ற அந்த வாகனத்தின் பிரம்மாண்டமான சக்கரங்களைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அது 2019 ஜனவரியில் ஹாரியர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது உடல் ஏறக்குறைய அப்படியே இருந்தது. சக்கரம் மட்டும் 17 அங்குலம். நொய்டாவில் நேரில் பார்த்தவர்களுக்குப் பெரிய உடலுக்குக் கீழே சக்கரம் சிறுத்துவிட்டதாகத் தோன்றியது. நேரில் பார்க்காதவர்களுக்குக் குறையே தெரியவில்லை. மேடையில் நின்ற கனவு கண்ணில் பதிந்ததால் வந்த வினை அது.

சியராவின் கதை இன்னும் நீளம். 1991-ல் வந்த அசல் சியராவுக்கு முன்பக்கம் இரண்டே கதவுகள். பின்னால் இருபுறமும் கூரைவரை வளைந்து ஏறும் பெரிய கண்ணாடி. வசதியில் பல குறை சொல்லலாம், அந்தக் கண்ணாடியை மறந்தவர் கிடையாது. 2020 பிப்ரவரியில் மின்சாரக் கான்செப்ட்டாக அது திரும்பி வந்தபோது நாற்பதைத் தாண்டியவர்கள் இளைஞர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். 2023-ல் இன்னொரு உருவம், 2025 ஜனவரியில் பிரகதி மைதானத்தில் கிட்டத்தட்ட இறுதி உருவம். அதற்குள் பின்கதவுகள் முளைத்துவிட்டன. வளைந்த கண்ணாடி இருந்த இடத்தில், ஜன்னலுக்கு மேலே, பளபளக்கும் கறுப்புப் பட்டை. படத்தில் அது பழைய கண்ணாடியாகவே தெரிகிறது. இரண்டடி தூரத்தில் நின்றால்தான் கண்ணாடி அல்ல என்பது புரிகிறது. இதில் கோபப்பட்டவர்களும் உண்டு, ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கிக் குனிந்து நுழைந்த அனுபவம் உள்ளவர்கள் பின்கதவின் பக்கமே நின்றார்கள்.

கனவைப் பெரிதாகக் காயப்படுத்தாமல் கொண்டுவந்த காரும் உண்டு. 2022 ஆகஸ்ட் 15 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் மஹிந்திரா சில மின்சாரக் கான்செப்ட்டுகளைக் காட்டியது. அதற்குப் பொறுப்பான பிரதாப் போஸ், அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்தவர், முன்பு டாடாவில் இருந்தவர். அந்தக் கான்செப்ட்டுகளில் ஒன்று 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் விற்பனைக்குரிய காராக அறிமுகமாகி, பிஈ 6 என்ற பெயரில் 2025 ஜனவரியில் தில்லிக்கு வந்தது. முறுக்கிய உடல், வெட்டி வைத்தது போன்ற முனைகள் எல்லாம் பெரும்பாலும் அப்படியே. இது காராக வரவே வராது என்று படத்தைப் பார்த்துப் பந்தயம் கட்டியவர்கள் நேரில் சுற்றிவந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தவர்களுக்கு, அந்த அழகுக்குக் கொடுத்த விலை சின்னதாகிப்போன பின் கண்ணாடியில் தெரிந்தது.

பாட்டியின் முழங்கால்

இளைஞர்கள் முன்பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்றால் குடும்பங்கள் பின்கதவைத் திறக்கின்றன. ஐரோப்பாவில் கார் வாங்குபவர் ஓட்டுபவர். இந்தியாவில் வாங்குவது குடும்பம், ஓட்டுவது ஒருவர். அதனால் அரங்கில் உட்கார அனுமதிக்கப்படும் கார்களில் ஒரு சடங்கு நடக்கும். அப்பா முன்னால் உட்கார்ந்து சீட்டைத் தன் காலுக்கு ஏற்ப நகர்த்துவார். அம்மாவும் பாட்டியும் பின்னால் ஏறுவார்கள். பாட்டியின் முழங்கால் எவ்வளவு மடங்கியது, சேலை எங்கே சிக்கியது, இறங்கும்போது எதைப் பிடித்துக்கொண்டார் என்பதெல்லாம் எந்தப் பட்டியலிலும் வராத அளவுகள். டிக்கியில் பெட்டி எத்தனை வைக்கலாம் என்பதைக் கையை விரித்து அளப்பார்கள். கேஸ் சிலிண்டர் போட்டால் டிக்கி போய்விடும் என்ற பழைய கவலைக்கு, 2023 கண்காட்சியில் டாடா ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கடியில் படுக்கவைத்துப் பதில் சொன்னது. டிக்கியின் அடித்தட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

இந்தச் சடங்கைச் சரியாகப் புரிந்துகொண்டு ஜெயித்த கார் ஹுண்டாய் சான்ட்ரோ. ஐரோப்பாவில் ‘ஏட்டாஸ்’ என்ற பெயரில் விற்ற அந்தக் காரின் தோற்றத்தைப் பலரும் ரசிக்கவில்லை. இந்தியாவுக்காக முன்னும் பின்னும் மாற்றி, இருங்காட்டுக்கோட்டையில் தயாரித்து, 1998 செப்டம்பரில் விற்பனைக்கு விட்டார்கள். படத்தில் நெட்டையாக, சற்று விநோதமாகத் தெரியும். தலைப்பாகை கட்டியவர் குனியாமல் ஏறினார், முழங்கால் வலி உள்ளவர் நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்தார். உயரம் கேலிக்குரியதாக இருந்தது போய் விற்பனை உத்தியானது.

அதே உயரக் கணக்கை இன்னும் துணிச்சலாகப் போட்டது நானோ. 2008 ஜனவரி 10 அன்று பிரகதி மைதானத்தில் ரத்தன் டாடா தானே ஓட்டிவந்து நிறுத்திய கார். ஒரு லட்சம் ரூபாய் என்று சொன்ன விலையைக் காப்பாற்றிய பெருமிதத்தில், வாக்கு என்றால் வாக்குதான் என்று அவர் சொன்னது மறுநாள் செய்தித்தாள்களின் தலைப்பானது. நீளம் 3.1 மீட்டர், உயரம் 1.6 மீட்டர், பின்னால் இரண்டு சிலிண்டர் எஞ்சின், ஒற்றை வைப்பர். படத்தில் பொம்மையாகத் தெரிந்த அது, ஆறடி மனிதர் உள்ளே உட்கார்ந்தும் தலை இடிக்காததால் ஆச்சரியமாக மாறியது. பின்பக்கம் போய்த் திறந்து பார்க்க முயன்றவர்கள் மட்டும் ஒன்றைக் கவனித்தார்கள். பின்கதவுபோல் தெரிந்தது கதவே அல்ல, சாமான் வைக்க சீட்டை மடக்கித்தான் ஆகவேண்டும். திறக்கும் பின்கதவு 2015-ல்தான் வந்தது.

கண்ணுக்குத் தெரியாதவை

நானோ முன்னால் நின்ற கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் இன்று தெருவுக்கு ஐந்து நானோ நிற்க வேண்டும். நடந்தது வேறு. சிங்கூரில் நிலப் போராட்டம், 2008 அக்டோபரில் தொழிற்சாலை குஜராத்தின் சாணந்துக்கு மாற்றம், சில கார்கள் தீப்பிடித்த செய்திகள், எல்லாவற்றுக்கும் மேலாக ‘மலிவான கார்’ என்ற முத்திரை. இரு சக்கர வாகனத்தில் குடும்பத்தோடு போனவர், முதல் காராக மலிவானதை ஊருக்குக் காட்ட விரும்பவில்லை. 2018-ல் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோனது. காரின் உள்ளே எவ்வளவு இடம் என்பதைக் கண் சரியாகச் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதைக் கண்காட்சியில் யாரும் பார்த்திருக்க முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம் உயிர். அரங்குகளில் கார் பிரியர்கள் நடத்தும் பரீட்சைகளில் மிகப் பிரபலமானது கதவை அறைந்து சத்தம் கேட்பது. ‘டப்’ என்று கனமாக மூடினால் வண்டி உறுதி, ‘கிளிங்’ என்றால் தகரம். சத்தத்தைத் தீர்மானிப்பதில் ரப்பர் பட்டைக்கும் பூட்டின் அமைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. மோதலில் கார் நசுங்குமா என்பதை நிர்ணயிப்பது உள்ளே மறைந்திருக்கும் கூட்டின் எஃகு. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து பிரபலமான சிறிய கார்களை மோதிப் பார்த்தபோது ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அவற்றின் கதவுகளையும் யாரோ அறைந்து பார்த்துத் தலையாட்டியிருப்பார்கள். டிரைவருக்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019 ஜூலையில். நம் நாட்டின் சொந்த மோதல் தரமதிப்பீடான ‘பாரத் என்கேப்’ 2023-ல் வந்தது. அதன் பிறகு கார் பிரியர்களின் பேச்சில் கதவுச் சத்தத்தோடு நட்சத்திரக் கணக்கும் சேர்ந்துகொண்டது ஆறுதல். கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழி காருக்கும் பொருந்தும்.

சுற்றிவர ஓர் இடம்

சுற்றிப் பார்க்கிற வாய்ப்பே சில காலம் தேய்ந்துகொண்டு வந்தது. கூட்டமும் நெரிசலும் தாங்காமல் 2014-ல் கார் கண்காட்சி கிரேட்டர் நொய்டாவின் எக்ஸ்போ மார்ட்டுக்குப் போனது. இடம் பெரிது, தூரமும் பெரிது. மெட்ரோ அங்கே எட்டியது 2019-ல். 2022-ல் நடக்க வேண்டியது கோவிட் காரணமாக 2023 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அப்போதும் மஹிந்திரா, ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் போன்ற பலர் வரவில்லை. கண்காட்சிக்குச் செலவழிக்கும் பணத்தில் தனியாக மேடை போட்டு உலகம் முழுவதும் ஒளிபரப்பலாம் என்பது கம்பெனிகளின் கணக்கு. சுதந்திர தினத்தன்று ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலோ கேப்டவுனிலோ திரை விலகினால் திண்டுக்கல்லிலும் தன்பாதிலும் உள்ளவர்கள் அதே நொடியில் பார்க்கலாம். பார்ப்பது மறுபடியும் படத்தைத்தான்.

2025-ல் பிரகதி மைதானத்துக்குத் திரும்பியபோது விலகியிருந்தவர்களில் மஹிந்திரா, ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் போன்றவர்களும் திரும்பினார்கள். ஷோரூமில் ஒரே கம்பெனியின் கார்கள்தான் நிற்கும், விற்பவர் பக்கத்திலேயே நிற்பார். இங்கே ஓர் அரங்கிலிருந்து அடுத்த அரங்குக்கு நடந்தால் போதும், இப்போது பார்த்த சீட்டின் உயரம் காலில் மறையும் முன் போட்டியாளரின் சீட்டில் உட்கார்ந்துவிடலாம். பெயரையே அப்போதுதான் கேள்விப்படுகிற வின்ஃபாஸ்ட்டின் காரையும் பழகிய ஹுண்டாயையும் ஒரே நாளில் ஒப்பிட முடிந்தது அதனால்தான். அந்த வியட்நாம் கம்பெனியின் தொழிற்சாலை தூத்துக்குடியில் திறக்கப்பட்டது 2025 ஆகஸ்டில். அதற்கு ஏழு மாதம் முன்பே அதன் கார்களின் பின்கதவுகள் தில்லியில் திறந்து மூடப்பட்டுவிட்டன.

சியரா 2025 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. நீளம் 4.34 மீட்டர். அதற்கு இரண்டு மாதம் முன்பு மாறிய ஜிஎஸ்டி விகிதப்படி நான்கு மீட்டருக்கும் எஞ்சின் அளவுக்கும் உட்பட்ட காருக்கு வரி 18 சதவீதம், மீறினால் 40. கோடு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கம்பெனிகளின் வரைபட மேசையில் வாலை வெட்டலாமா, நீட்டலாமா என்ற விவாதம் தொடரும். அதன் முடிவைப் படத்தில் மறைத்துவிடலாம். பிரகதி மைதானத்தில் பக்கவாட்டில் நின்று பார்க்கிற காஷ்மீரி கேட் கடைக்காரரிடம் மறைப்பது கஷ்டம்.